திருப்பூரை மாற்றிய இரண்டு சங்கங்கள்

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற முதலில் வேண்டியது தண்ணீர். தொண்ணூறுகளில் திருப்பூர்க் கிணறுகள் உப்பேறிக் கிடந்தன. சுற்றுக் கிராமத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக நீர் வந்தது. லாரிக்குக் காத்திருக்கும் ஒரு சாயப்பட்டறைக்காரர், ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவதைத் தனியாக நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

1990ல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அந்தப் பொறுப்புக்குத் தோள் கொடுத்தது. மாநில அரசு, ஒரு நிதி நிறுவனம் ஆகியவற்றோடு அதுவும் சேர, 1995ல் இதற்கென்றே தனி நிறுவனம் பிறந்தது. பவானிக்கு அருகே காவிரியில் எடுத்த தண்ணீர், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி, 2005ல் ஊருக்கு வந்தது. செலவு ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். கொள்ளளவு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். ஆலைகளுக்குக் கூடுதல் விலை, குடிநீருக்குக் குறைந்த விலை. பட்டறைக்காகக் கேட்ட தண்ணீர் வழியோரக் கிராமங்களின் குடத்துக்கும் போனது. தொழில் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குழாயைத்தான்.

சங்கத்தின் தேவை தண்ணீரோடு முடிவதில்லை. திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா பட்டன் வேறு வேறு இடம். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சங்கம் உண்டு. ஜாப் ஒர்க் கூலியை அவை பேசி முடிவு செய்கின்றன. தொழிலாளர் சம்பளத்துக்கும் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேசை சும்மா கிடைத்ததல்ல. 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது.

ஆனால், வந்த தண்ணீரைப் பற்றி யோசித்த அளவுக்குப் போகும் தண்ணீரைப் பற்றி ஊர் யோசிக்கவில்லை. பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்ல அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளும் சங்கம் வைத்திருந்தார்கள். காட்சிக் கூடமோ வெளிநாட்டு வாடிக்கையாளரோ இல்லாத சங்கம். அது வழக்குத் தொடுத்தது, உச்ச நீதிமன்றம் வரை நின்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை இழந்த தொழிலாளர் பலர் ஊரைவிட்டே போனார்கள். அதன் பிறகுதான், மாநில அரசு தந்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனின் துணையோடு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை நிலைபெற்றது. சாயநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். இன்று வெளிநாட்டு வாங்குநர்களிடம் திருப்பூர் பெருமையோடு காட்டுவதும் இதைத்தான். அந்தப் பெருமையில் ஆயக்கட்டுக்காரர்களுக்குப் பங்குண்டு. அதை யாராவது மேடையில் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

1985ல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இன்று 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. ஆண்டுதோறும் அந்தக் கணக்கு வெளிவரும்போது, ஒரத்துப்பாளையத்துக் கிணறுகளின் உப்பளவும் அதே தாளில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.