கைபேசியும் கண்ணும்

அழகு என்பது நெடுந்தொலைவிலுள்ள மலையிலும் அருவியிலுமே உறைவது என எண்ணுவார் பலர். களுபோவிலையில் வாழும் ஒரு குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அயலிலுள்ள தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கோ, அதற்கப்பால் கடற்கரைக்கோ சென்று மீளும் சிறு உலாவிலும் அழகுக்குக் குறைவில்லை. அதனைப் பதிந்து வைக்கும் கருவியும் இன்று பெரும்பாலோர் சட்டைப்பையில் உண்டு. ஆயின், கருவி கைக்கு வந்தவாறு கலையும் கைவந்துள்ளதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1839 ஆம் ஆண்டில் தாகேர் என்பாரின் ஒளிப்பட முறை பிரான்சு நாட்டில் வெளியிடப்பட்டது. அக்கலையிற் புகழ்பெற்ற யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். பின்னர் கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) இந்நாட்டின் எளிய மக்களையும் அன்றாடக் காட்சிகளையும் உயர்ந்த கலைப்பொருளாக்கினார். இவர்தம் படங்களுக்குச் சிறப்பளித்தது பொருளின் அருமையன்று. ஒளியையும் நிழலையும் உற்றுநோக்கிய பார்வையே.

பழைய கமராவில் ஒளியை ஏற்றது படச்சுருள். அதனிடத்தை இன்று மின்னணுச் சில்லு பெற்றுள்ளது. 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் இத்தகைய சில்லொன்றை உருவாக்கிய பொயில், சிமித் ஆகிய இருவரும் 2009 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசிற் பங்குபெற்றனர். கைபேசியின் சில்லும் வில்லையும் மிகச் சிறியன. ஆதலின் அவை ஏற்கும் ஒளியும் சிறிதே. இக்குறையை நிரப்பவே, கைபேசி கண்ணிமைக்கும் பொழுதிற் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாக இணைக்கின்றது.

இவ்வியல்பை அறிந்தார்க்குச் சில நெறிகள் எளிதில் விளங்கும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. நண்பகலிற் கதிரவன் உச்சிக்கு அண்மையில் நிற்பதால், கண்குழிகளில் நிழல் படிந்து முகம் பொலிவிழக்கும். மாலைக் கதிரோ சாய்ந்து வருவது. நெடுந்தொலைவு காற்றைக் கடக்கையில் அதன் நீலநிறம் சிதறிவிடப் பொன்னிறமே எஞ்சும். ஆயின் நம் நாட்டில் அந்திப்பொழுது குறுகியது, காலந்தாழ்த்தலாகாது. கடலைப் பின்னணியாகக் கொண்டு நிற்பவரின் முகம் கருத்துத் தோன்றின், திரையில் அம்முகத்தை விரலால் தொடுக. கருவி அதற்கேற்ப ஒளியைத் திருத்திக்கொள்ளும். தொலைவிலுள்ளதைத் திரையிற் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தின் ஒரு பகுதியை வெட்டி விரிப்பதேயாம். இயலுமாயின் அருகே செல்க. முகத்தை மட்டும் மிக அண்மையில் எடுத்தல் தகாது. மூக்குப் பெருத்துத் தோன்றும். கண்ணாடிக்கு அப்பாலுள்ள உயிரினத்தை எடுப்பார், வில்லையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் எதிரொளி குறையும். மின்னொளி பாய்ச்சி விலங்குகளை வெருட்டுதல் அறமன்று.

இவற்றினும் முதன்மையான கருத்தொன்றுண்டு. வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் செய்து எடுக்கும் படம் வந்தவர் யாவர் என்பதைக் கூறும். பேரனின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டும் பாட்டியின் கை, கடலை வாங்கிய காகிதச் சுருளை எட்டிப் பார்க்கும் குழந்தையின் கண் ஆகியவையோ அவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறும். காலஞ் சென்றபின் நாம் தேடுவது இப்பின்னதையே.

இதன் அருமையை நம்மவர் இழப்பின் வாயிலாக உணர்ந்தனர். 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்திற் கொழும்பிலே தமிழர் வீடுகள் தீக்கிரையானபோது, பொருள்களோடு குடும்பப் படத்தொகுப்புகளும் சாம்பராயின. பொருளை மீண்டும் ஈட்டலாம். வேறிடத்திற் படி இல்லாத படத்தை மீட்க வழியில்லை. கைபேசியும் தொலையக்கூடியது, பழுதாகக்கூடியது. ஆகவே படங்களை ஈரிடங்களிற் சேமித்தலும், சிறந்த சிலவற்றைத் தாளில் அச்சிட்டு அவற்றின் பின்புறத்திற் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்தலும் கடமையாம்.

ஓராயிரம் படங்களைத் திரட்டி ஒன்றையேனும் மீண்டும் நோக்காதிருத்தலாற் பயனில்லை. முதலிற் கண்ணாரக் காண்க. பின்னர்ச் சிலவற்றை எடுக்க. அதன்பின் கருவியைப் பையிலிட்டுக் குடும்பத்தாரோடு உரையாடி மகிழ்க. உலாவின் நோக்கமும் அதுவன்றோ?