மோப்பம் இழந்த துப்பறிவாளர்

கழிப்பறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வாயில் சிகரெட், ஒரு கையில் மாவுக்கட்டு, மறுகையில் துப்பாக்கி. கையை முறித்த ஆளே இப்போது எதிரே வந்து நிற்கிறார். துப்பாக்கியை நீட்டினால் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. காலால் உதைத்துத் திறக்கிறார், மறுபடியும் சாத்திக்கொள்கிறது. அதற்குள் சிகரெட் மடியில் விழுந்துவிடுகிறது.

2016இல் ஷேன் பிளாக் இயக்கிய ‘தி நைஸ் கைஸ்’ படக் காட்சி இது. கதை 1977இன் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. உட்கார்ந்திருப்பவர் தனியார் துப்பறிவாளர் மார்ச் (ரையன் காஸ்லிங்). நிற்பவர் கூலிக்கு ஆளை அடிக்கும் ஹீலி (ரஸ்ஸல் குரோ). இனி இருவரும் சேர்ந்து ஒரு பெண்ணைத் தேடப் போகிறார்கள்.

ஒட்டாத இருவரை ஒரே வழக்கில் கட்டிப்போடுவதுதான் இப்படி இருவர் சேர்ந்து துப்புத் துலக்கும் படங்களின் அடிப்படை. அந்தக் கட்டு இறுகியிருக்க வேண்டும். 1982இல் வந்த ‘48 ஹவர்ஸ்’ படத்தில் போலீஸ்காரர் சிறைக் கைதியை வெளியே அழைத்து வருகிறார்; கெடு 48 மணி நேரம். ஷேன் பிளாக் எழுதிய ‘லெதல் வெப்பன்’ (1987) ஐம்பது வயதைத் தொட்ட குடும்பஸ்தரை, மனைவியை இழந்து உயிரை வெறுத்துவிட்ட இளைஞரோடு சேர்த்துவைக்கிறது.

சண்டையும் சவடாலும் மட்டும் இருந்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். இருவருக்கும் ஆறாத காயம் ஒன்று வேண்டும். நகைச்சுவை அங்கிருந்துதான் ஊற வேண்டும். மோப்பம் பிடிப்பதே தொழிலான மார்ச்சுக்கு வாசனையே தெரியாது. முதலில் சிரிப்பு வருகிறது. வீட்டில் கேஸ் கசிந்தது அவர் மூக்குக்கு எட்டவில்லை, வீடு எரிந்து மனைவி இறந்துபோனார் என்று பிறகு தெரியவரும்போது, சிரித்த அதே விஷயம் தொண்டையை அடைக்கிறது. இந்த ஒரு குறைக்காகவே பிளாக்கைப் பெரிய எழுத்தாளர் என்பேன்.

இன்னொரு காட்சியில், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கதவுக் கண்ணாடியைக் குத்துகிறார் மார்ச். மற்ற படங்களில் கண்ணாடி உடையும், நாயகன் உள்ளே போவான். இங்கே மணிக்கட்டு கிழிந்து ரத்தம் பீறிடுகிறது. அடுத்து அவர் ஆம்புலன்ஸில் கிடக்கிறார்.

மார்ச், ஹீலி இருவரையும்விடக் கூர்மையானவள் மார்ச்சின் 13 வயது மகள் ஹாலி. கடைசியில் கொலையாளியின் கழுத்தை ஹீலி நெரிக்கும்போது, கொன்றால் இனி உங்களோடு பேசவே மாட்டேன் என்கிறாள். காசுக்குக் கை முறித்த அந்த மனிதர் பிடியைத் தளர்த்துகிறார்.