நாற்பத்தைந்து எங்கே போனது?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையை என் அண்ணன் இன்னும் ‘ஃபார்ட்டிஃபைவ்’ என்றுதான் சொல்வார். அரசு அந்த எண்ணை 2010-லேயே எடுத்துவிட்டது. இப்போது அதே வழியில் திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அப்புறம் 38. ஒரே பயணத்துக்கு மூன்று எண்ணா என்று அவருக்குக் கோபம்.

ஆனால் புது முறையில் கணக்கு இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் தேசிய நெடுஞ்சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். வடகிழக்கு மாநிலங்களில் 2. நம் கிழக்குக் கடலோரம் நாகப்பட்டினம் வழியாக 32. அதற்கு மேற்கே திருச்சி, மதுரை வழியாக 38. சேலத்தைத் தொட்டு வரும் ஸ்ரீநகர்-கன்னியாகுமரி சாலை 44. கேரளக் கடலோரம் 66. கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வரவர எண் ஏறும். காஷ்மீரத்து உரியிலிருந்து லே போகும் சாலை 1, நம்மூரில் கோயம்புத்தூர்-நாகப்பட்டினம் 83, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி போவது 85.

மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும். 132 என்பது 32-இன் கிளை.

டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு என்று சுற்றிச் சென்னைக்கு வரும் 48-க்கு எது திசை என்று கேட்காதீர்கள். அண்ணனிடம் இதையெல்லாம் விளக்கினேன். “சரிடா, ஃபார்ட்டிஃபைவ்ல டோல் எவ்வளவு?” என்றார்.