கோர்தோபா வீடுகளின் முற்றம்

தெற்கு ஸ்பெயினின் கோர்தோபாவில் கோடைப் பகல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. இங்கே முற்றம் அழகுக்காக விட்ட வெற்றிடம் அன்று. வீட்டைக் குளிர்விக்கும் உறுப்பு. மேகமற்ற இரவில் கூரையும் கல்தரையும் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகின்றன. குளிர்ந்து கனத்த காற்று முற்றத்தில் இறங்கித் தேங்குகிறது. தடித்த சுவர்கள் அந்தக் குளிர்ச்சியை வாங்கிவைத்துப் பகலில் சிறுகச் சிறுகச் செலவிடுகின்றன. சுண்ணாம்பு வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. சுவரெங்கும் தொங்கும் பூந்தொட்டிகளுக்கு ஊற்றும் நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. காற்று வறண்டிருப்பதால்தான் இது பலிக்கிறது. புழுக்கமான கடற்கரை ஊரில் இந்த அளவுக்குப் பலிக்காது.

வெயில் உச்சிக்கு ஏறினால் முற்றமே அடுப்பாகிவிடாதா? நியாயமான கேள்விதான். ஜூன் மாத நண்பகலில் இங்கே சூரியன் சுமார் 75 டிகிரி உயரத்தில் நிற்கும். சுவர் நிழல் மட்டும் அப்போது போதாது. அதற்காகவே மேலே துணிப்பந்தல் இழுக்கிறார்கள். மாலையில் அதைச் சுருட்ட மறந்தால் இரவுக் குளிர்ச்சி உள்ளே இறங்காது. ஆக, இந்த வீடு ஆள் வேலை கேட்கும் வீடு. முற்றத்தால் இடம் வீண் என்போரும் உண்டு. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நெருக்கமான தெருவில் உள்ளறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர வேறு வழி ஏது? இம்முற்றங்களின் மே மாதத் திருவிழா 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.