சாதுவான பெரிய குதிரை கும்மிடிப்பூண்டி வெயிலைத் தாங்குமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி கவரைப்பேட்டை, எளாவூர் பக்கம் கொஞ்சம் தோப்பும் ஒரு கொட்டகையும் உள்ளவருக்குக் குதிரை ஆசை வருவதில் வியப்பில்லை. கிண்டியில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். ஆனால் அது மிரளும் சாதி. கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் பலருடைய கண்ணும் வேறொரு பக்கம் போகிறது: அகன்ற முதுகு, பருத்த எலும்பு, பிள்ளைகள் ஏறினாலும் அசையாத நிதானம். ஐரோப்பாவில் பாரம் இழுத்த பெர்ச்சரான், கிளைட்ஸ்டேல் போன்ற கனத்த இனங்களைச் சவாரிக் குதிரையோடு சேர்த்துப் பெற்ற கலப்பு அது. நம் சந்தைகளில் அரிதினும் அரிது. இருந்தாலும், 'பெரிய எலும்பு, ரொம்ப சாது' என்று சொல்லி ஒரு குதிரையை யாராவது கொண்டுவந்து நிறுத்தினால் வாங்கலாமா?

இந்தக் கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. பாண்டியர்கள் ஆண்டுதோறும் கடல் வழியாகக் குதிரைகளை இறக்கினார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம், ஒவ்வொன்றும் 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை சரியான பராமரிப்பின்றி மடிந்தன என்று மார்கோ போலோ குறித்துவைத்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து 'வேலர்' குதிரைகள் மதராஸுக்கு வந்தன. துறைமுகம் கட்டப்படாத அந்நாளில் அவற்றைக் கடலில் இறக்கி, அலையில் நீந்தவிட்டுத்தான் கரைசேர்த்தார்கள். தரோபிரெட், அரபு, திமோர் மட்டக்குதிரை எனப் பல ரத்தம் கலந்தவை வேலர்கள். பீரங்கி இழுக்க எடுத்தவற்றில் கனத்த இனங்களின் கலப்பும் உண்டு. இன்று நாம் பேசும் குதிரையின் நெருங்கிய உறவினர் இவையே.

அதே கம்பெனி 1824-ல் படைக்குக் குதிரை வளர்க்க இடம் தேடியபோது மதராஸ் சமவெளியை விட்டுவிட்டு ஓசூருக்கு அருகே மத்திகிரிக்குப் போனது. இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இருப்பது அந்த இடம்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், குளிர்ந்த இரவு. குதிரைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை அந்தத் தேர்வே சொல்கிறது.

காரணம் எளிய இயற்பியல். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் நடையும் ஓட்டமுமாகிறது. மீதி முழுவதும் வெப்பம். அந்த வெப்பம் தோல் வழியே வெளியேற வேண்டும். 400 கிலோ குதிரைக்குப் பதில் 800 கிலோ குதிரையை எடுத்துக்கொண்டால் எடை இரண்டு மடங்கு. தோலின் பரப்போ சுமார் 1.6 மடங்குதான். ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் கிடைக்கும் தோல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அண்டாவில் வடித்த சோறு கிண்ணத்துச் சோற்றைவிட நேரம் கழித்தே ஆறுவது இதனால்தான்.

மனிதனைப் போலவே குதிரையும் வியர்த்துத் தணியும் விலங்கு. கடும் உழைப்பில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை போகும். ஆனால் உடம்பைத் தணிப்பது வியர்வை வழிவது அல்ல, அது ஆவியாவது. இங்கேதான் நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வேறுபாடு. திருத்தணியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் காய்கிறது. பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் ஈரக்காற்று வியர்வையை ஆவியாக விடாது. வயிற்றடியில் சொட்டுச் சொட்டாக விழுவது வீணான வியர்வை. சில குதிரைகள் இந்தச் சூழலில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். இந்தியா உள்ளிட்ட வெப்ப நாடுகளுக்கு வந்த ஆங்கிலேயக் குதிரைகளிடம்தான் இந்த நோயை முதலில் கண்டார்கள். மூச்சு இரைக்கும், தோல் காய்ந்திருக்கும். பார்ப்பவர் 'வியர்க்கவே இல்லை, நல்ல தாங்கும் திறன்' என்று ஏமாந்துபோவார்.

'நான் கொஞ்சம் பருமன், எனக்குப் பெரிய குதிரைதானே சரி?' என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. 2008-ல் வெளியான ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் 8 குதிரைகள்மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமையை ஏற்றி வேலை வாங்கினார்கள். 20 சதவீதம் வரை பெரிய சிக்கல் இல்லை. 25-ஐத் தொட்டதும் இதயத் துடிப்பு உயர்ந்தது, 30-ல் தசைவலி தெளிவாகத் தெரிந்தது. 75 கிலோ ஆளும் 10 கிலோ சேணமும் சேர்ந்தால் 85 கிலோ. 425 கிலோ குதிரை போதும். 650 கிலோ குதிரை உங்களுக்குத் தேவையே இல்லை. அதிகப்படியான எடையையும் வெப்பத்தையும் சுமந்து தவிப்பது அந்தக் குதிரைதான். இடுப்பு அகன்றிருந்த குதிரைகளுக்கு வலி குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனவே உயரத்தைத் தேடாமல் இடுப்பைப் பாருங்கள்.

அடுத்தது சாது குணம். வாங்குபவர்கள் சுழி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள். இந்தக் குதிரை ஏன் இவ்வளவு அமைதியாக நிற்கிறது என்று கேட்பதில்லை. கனத்த இனங்கள் பல தலைமுறைத் தேர்வால் நிதானமானவை என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் குதிரைக்கு நோயும் இருக்கலாம். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ஒட்டுண்ணி நோய் விட்டுவிட்டுக் காய்ச்சலைத் தரும், ரத்தத்தை வற்றவைக்கும், காலிலும் அடிவயிற்றிலும் நீர் கோக்கும். 1880-ல் கிரிஃபித் எவான்ஸ் இந்த ஒட்டுண்ணியைக் கண்டறிந்தது இந்தியக் குதிரைகளிடமும் ஒட்டகங்களிடமும்தான். ரத்தசோகை பிடித்த குதிரை சாதுவாகத்தான் நிற்கும். மயக்க மருந்து கொடுத்துக் காட்டினாலும் அப்படித்தான் நிற்கும். பெர்ச்சரான், பெல்ஜியன் இனங்களில் பரவலாக உள்ள ஒரு மரபணுக் கோளாறு தசையில் சர்க்கரைச் சேமிப்பைக் குலைத்து, குதிரையை அசைய விடாமல் செய்யும். 2008-ல் அடையாளம் காணப்பட்ட இந்தக் கோளாறு தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கலப்புக் குட்டிக்குத் தப்பிக்கும் உத்தரவாதம் கிடையாது. ஒரு கொத்து முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால் சோதித்துவிடலாம்.

தீவனத்தில் மாட்டு அனுபவத்தை நம்ப வேண்டாம். நம் பக்கம் எளிதில் கிடைக்கும் கோ-4 புல்லில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பூட்டி வைத்துவிடும். மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. அதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் கொட்டினால், உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். முகம் வீங்கி, நொண்டத் தொடங்கும். 650 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 10 கிலோ நல்ல உலர்புல் வேண்டும், வெறும் வைக்கோல் அதற்கு ஈடாகாது. ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் குளம்பு அழுகும். அந்தப் பெரிய குளம்புக்கு லாடம் அடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: கும்மிடிப்பூண்டி, பொன்னேரி கடலோரத்துக்குக் கனத்த கலப்புக் குதிரை வேண்டாம். அது எவ்வளவு நல்ல குணமுள்ளதாக இருந்தாலும் வேண்டாம். நல்ல குணமுள்ள விலங்கை வேகவைக்க நமக்கு உரிமையில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி திருவிழாச் சந்தைக்கு வரும் கத்தியவார், மார்வார் வகைகளில் நடுவயதுக் குதிரை ஒன்றை, காயடித்த ஆணாகப் பார்த்துத் தேடுங்கள். மெல்லிய தோல், ஒடுங்கிய உடல், வெப்பத்தில் பிறந்த வம்சம். ஒரே நாளில் முடிவு செய்யாமல், முன்னறிவிப்பின்றி இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை இருக்க வேண்டும். அரைமணி நேரம் ஓட்டிய பிறகு நிழலில் நிறுத்தித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது என்ற பழைய நம்பிக்கையை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காகச் செய்த ஆய்வுகள் பொய்யாக்கிவிட்டன. கால்மணி நேரத்தில் நாடி 60-க்குக் கீழே இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். சர்ராவுக்கும், மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்களிடம் இதற்கு ஆலோசனை கேளுங்கள். முடிவு கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். ரத்தம் எடுக்க விற்பவர் மறுத்தால் அந்தக் குதிரை உங்களுக்கு வேண்டாம்.