வேகமும் வெப்பமும்

நுழையும்முன்

வண்டி ஓடுவதற்கு எஞ்சின் வேண்டும். நிற்பதற்குப் பிரேக் வேண்டும். பிரேக் ஏன் சூடாகிறது, அளவுக்கு மீறிச் சூடானால் என்ன நேரும், அதனை எவ்வாறு காப்பது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கருகிய மணம்

செம்பூரிலிருந்து காரில் புணே செல்வோர் கோப்போலியைக் கடந்ததும் கண்டாலா மலைப்பாதையில் ஏறுவர். திரும்பும்போது அதே மலையில் இறங்குவர். அவ்வாறு இறங்கும் வண்டிகளிலிருந்து சில வேளைகளில் கருகிய மணம் எழும். அது பிரேக் விடுக்கும் எச்சரிக்கையாகும்.

ஆற்றல் அழிவதில்லை; வடிவம் மட்டுமே மாறுகிறது. ஓடும் காரின் இயக்க ஆற்றல், பிரேக் அழுத்தப்படும்போது உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்னும் வட்டத்தகட்டை இருபுறமும் பிரேக் பேடுகள் இறுகப் பற்றுவதால் இவ்வெப்பம் தோன்றுகிறது. 1000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,86,000 ஜூல் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்ய இதுவே போதும். வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

பந்தயத் தடத்தில் சாலைக் கார்

தில்லியில் தொடங்கி மும்பை, புணே, பெங்களூரு வழியாகச் சென்னையை அடைவது 48ஆம் தேசிய நெடுஞ்சாலை. அதன் தென்கோடியில், திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டை உள்ளது. 1990ஆம் ஆண்டு முதல் அங்குக் கார்ப் பந்தயத் தடம் இயங்கி வருகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கி.மீ. பந்தயம் இல்லாத சில நாள்களில், அன்றாடம் சாலையில் ஓடும் கார்களையும் அங்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பதுண்டு.

நகரச் சாலையில் வேகம் குறைவு. ஒருமுறை பிரேக் அழுத்தியபின் டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். பந்தயத் தடத்திலோ ஒவ்வொரு வளைவுக்கும் முன்னர் மிகுந்த வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு வளைவில் தோன்றிய வெப்பம் தணியுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். இதனால் இருவகைத் தீங்குகள் நேர்கின்றன.

முதலாவது, பேடின் தளர்ச்சி. பேடிலுள்ள பிசின் மிகுந்த சூட்டில் ஆவியாகி, டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையே படலம்போல் நிற்கும். அப்போது பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்காது.

இரண்டாவது, பிரேக் ஆயில் கொதித்தல். காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது இந்த ஆயிலே. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதிக்காது. ஆனால், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய பின்னர் அதன் கொதிநிலை 155 பாகை வரை தாழக்கூடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழிகள் தோன்றும். நீர்மம் அழுத்தத்தால் சுருங்குவதில்லை, ஆவியோ சுருங்கிவிடும். ஆகவே, பெடல் தரைவரை அமிழ்ந்தும் பிரேக் பிடிக்காது. இதுவே பேரிடர்.

காக்கும் வழிகள்

தடத்தில் இறங்குமுன் புதிய பிரேக் ஆயிலை மாற்றுதல் முதற்கடமை. மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் பேடுகளைப் பொருத்துதலும், பேடு தேய்ந்துள்ளதா எனப் பார்த்தலும் அடுத்தவை. சில கார்களில் முன்புறக் காற்றைக் குழாய் வழியாக டிஸ்க்குக்குச் செலுத்துவர்.

ஓட்டும் முறையும் இன்றியமையாதது. பிரேக்கை நெடுநேரம் மெல்ல மிதித்துக்கொண்டிருத்தல் தவறு. உறுதியாகவும் குறுகிய நேரமும் அழுத்தி விட்டுவிட வேண்டும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஓய்வு தருதல் நன்று. கடைசிச் சுற்றில் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் மெதுவாக ஓட்டினால், காற்றுப் பட்டு டிஸ்க் ஆறும். நிறுத்திய உடனே கைப்பிரேக்கை இழுத்தலாகாது. காரைக் கியரில் நிறுத்திச் சக்கரத்தடியில் கட்டை வைத்தல் வேண்டும். சூடான டிஸ்க்கின்மீது தண்ணீர் ஊற்றினால் அது வளையவோ விரிசலுறவோ கூடும்.

மலைப்பாதைக்கும் இவ்வறிவு பொருந்தும். இறங்கும்போது வண்டியைத் தாழ்ந்த கியரில் செலுத்தினால் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கின் சுமை குறையும். கருகிய மணம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் தானாக ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சற்றுத் தாமதமாக வீடு சேர்வதில் இழப்பொன்றும் இல்லை.

தெரிந்து தெளிவோம்

மாட்டுங்கா வழியே ஓடும் மின்தொடர்வண்டிகள் வேகத்தைக் குறைக்கும்போது அவற்றின் மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி, ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாகக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன.

சொல்லும் பொருளும்

உராய்வு – பொருள்கள் ஒன்றோடொன்று தேய்தல்
நீர்மம் – நீர்போல் ஓடும் பொருள்
படலம் – மெல்லிய மூடுபரப்பு
இடர் – துன்பம்

வினாக்கள்

1. வேகம் இருமடங்கானால் பிரேக்கில் தோன்றும் வெப்பம் எத்தனை மடங்காகும்?
2. பழைய பிரேக் ஆயில் விரைவில் கொதிப்பது ஏன்?
3. பேடின் தளர்ச்சியையும் ஆயில் கொதித்தலையும் பெடலைக் கொண்டு எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
4. மலையில் இறங்கும் ஓட்டுநருக்கு நீவிர் கூறும் அறிவுரைகளை ஐந்து தொடர்களில் எழுதுக.