குளத்து வள்ளத்துக்கு மின் மோட்டார்: வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல, குளங்களையும் களப்புகளையும் அண்டியே இன்று வாழ்கின்றன. உழுது பழகிய கைகள் வலை கட்டவும் துடுப்பு வலிக்கவும் பழகிக்கொண்டன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற பெருங்குளங்களில் பிடிபடும் திலாப்பியாவும் விராலும் பல வீடுகளில் அன்றாடக் கறியாகவும் கைச்செலவுக்குக் காசாகவும் இருக்கின்றன.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு உயர்ந்தது. எண்ணெயை நம்பித் தொழில் செய்தவர்கள் அன்று பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றறியில் ஓடும் மோட்டார்களைப் பற்றி எம்மவர்கள் விசாரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடன் பட்டாவது ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இம்மோட்டார்களின் வகைகளையும் வலுவையும் செலவையும் இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பெயரில் ஒரு மயக்கம்

இம்மோட்டாரை ஆங்கிலத்தில் 'துறோலிங் மோட்டார்' என்பார்கள். எமது கடலை நாசம் செய்யும் இழுவைமடி 'றோலர்' வேறு, இது வேறு. கடலடியைச் சுரண்டும் அந்த இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இங்கே 'துறோலிங்' என்பது, மெதுவாகச் செல்லும் வள்ளத்தின் பின்னால் தூண்டிற் கயிற்றை இழுத்துச் செல்வது.

அமெரிக்காவின் ஏரிகளில் பொழுதுபோக்காக மீன்பிடிப்போருக்காக வளர்ந்த கருவி இது. இத்துறையில் பெயர்பெற்ற மின் கோட்டா நிறுவனம் 1934இல் வட டகோட்டா மாநிலத்தின் பார்கோ நகரில் தொடங்கியது. மீனை வெருட்டாமல் சத்தமின்றி மெதுவாக ஊர்வதே இம்மோட்டாரின் நோக்கம். விரைவாகக் கரை சேர்வதற்கென இது செய்யப்படவில்லை. வாங்குபவர் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்.

இறாத்தல் என்பது என்ன?

மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் குதிரைவலுவில் சொல்வோம். இம்மோட்டாரையோ தள்ளும் விசையை வைத்து இறாத்தலில் சொல்கிறார்கள். 12 வோல்ற் மோட்டார்கள் பெரும்பாலும் 30 முதல் 55 இறாத்தல் வரை இருக்கும். அதற்கு மேல் 24 வோல்ற், 36 வோல்ற் வகைகள் உண்டு. அவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று 12 வோல்ற் பற்றறிகளைத் தொடராக இணைக்க வேண்டும்.

எவ்வளவு இறாத்தல் தேவை? சுமையுடன் சேர்ந்த வள்ளத்தின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு விசை குறைந்தபட்சம் தேவை என்பது பொதுவான கணக்கு. வள்ளம் 150 கிலோ, இருவர் 120 கிலோ, வலையும் மீனும் 60 கிலோ, பற்றறி 30 கிலோ என்றால் மொத்தம் 360 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு 7.2 கிலோ, அதாவது ஏறக்குறைய 16 இறாத்தல். சோளகக் காற்று எதிர்த்து வீசும் காலத்துக்காக இதை இரட்டிப்பாக்கினாலும் 32 இறாத்தல்தான். ஆகவே இருவர் செல்லும் குளத்து வள்ளத்துக்கு 30 முதல் 40 இறாத்தல் மோட்டார் போதும்.

பெரிய மோட்டார் பூட்டினால் வள்ளம் பறக்கும் என்று எண்ண வேண்டாம். 55 இறாத்தல் மோட்டார் 30 இறாத்தல் மோட்டாரைவிட அதிக சுமையைத் தள்ளும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது. மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே இரண்டும் செல்லும்.

உண்மையான செலவு பற்றறியில்

30 இறாத்தல் மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 30 அம்பியர் இழுக்கும். 55 இறாத்தல் மோட்டார் ஏறக்குறைய 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றறியில் பாதியைத்தான் பாவிக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் பற்றறியின் ஆயுள் விரைவில் குறையும். எனவே 30 இறாத்தல் மோட்டார் முழு வேகத்தில் ஒன்றரை மணித்தியாலம் ஓடும். 55 இறாத்தல் மோட்டார் ஒரு மணித்தியாலமும் ஓடாது.

வேகத்தைக் குறைத்து 12 அம்பியரில் ஓட்டினால் அதே பற்றறி நான்கு மணித்தியாலம் தாங்கும். தண்ணீரில் வேகத்தைப் பாதியாக்கினால் செலவாகும் வலு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறைகிறது. அவசரப்படாதவருக்கே இம்மோட்டார் பயன் தரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐந்து படி வேகம் கொண்ட மலிவான மோட்டார்கள், வேகத்தைக் குறைக்கும்போது மின்னின் ஒரு பகுதியைக் கம்பிச் சுருளில் வெப்பமாக வீணாக்குகின்றன. படிகளின்றிக் கூட்டிக் குறைக்கும் வகை விலை கூடியது. ஆனால் ஒரே பற்றறியில் நெடுநேரம் ஓடும்.

வாகனப் பற்றறி இதற்கு உதவாது. அது இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யச் சில வினாடிகள் பெருமின் கொடுப்பதற்கானது. ஆழமாக இறக்கி மீண்டும் ஏற்றக்கூடிய பற்றறியையே கேட்டு வாங்குங்கள். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறியில் பத்தில் ஒன்பது பங்கைப் பாவிக்கலாம். ஈயப் பற்றறி 30 கிலோ என்றால் இது 12 கிலோ அளவுதான்.

மூன்று வகைகள்

முதலாவது, மேலே சொன்ன 12 வோல்ற் சாதாரண மோட்டார். அமைப்பு எளிது. கரித்தூரிகை தேய்ந்தால் மாற்றலாம். மோட்டார் திருத்தத் தெரிந்த ஊர்ப் பொடியன் ஒருவனே இதைக் கழற்றிப் பூட்டுவான்.

இரண்டாவது, 24 அல்லது 36 வோல்ற் மோட்டார். பற்றறிகளின் நிறையே 60 கிலோவைத் தாண்டும். சிறு வள்ளத்துக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, லிதியம் பற்றறியுடன் ஒரே கருவியாக வரும் மின் வெளியிணைப்பு இயந்திரம். ஜேர்மனியின் டோர்கீடோவும் ஹொங்கொங்கின் ஈ-புறொபல்சனும் இவ்வகையில் அறியப்பட்டவை. டோர்கீடோவை 2024இல் யமஹா வாங்கியது. இவற்றின் 1000 வாற் மாதிரிகள் 3 குதிரைவலு எண்ணெய் இயந்திரத்துக்கு ஒப்பானவை என்று சொல்லப்படுகின்றன. நிறை குறைவு, மின் விரயமும் குறைவு. ஆனால் விலை மிக அதிகம். பற்றறி அந்தக் கருவிக்கென்றே செய்யப்பட்டது. அது பழுதானால் பக்கத்துப் பட்டினத்தில் வாங்கிய பற்றறியைப் பூட்டி மறுநாள் தொழிலுக்குப் போக முடியாது. கிராமத்துக்கு இது பெருங்குறை.

களப்பில் தொழில் செய்வோர் உவர்நீருக்கென்று செய்யப்பட்ட மோட்டாரையே வாங்க வேண்டும். நன்னீர் மோட்டாரை உப்புநீரில் இறக்கினால் அரிப்பு ஏற்படும், உத்தரவாதமும் செல்லாது. கடலுக்கு இவற்றில் எதையும் நம்பிப் போகக் கூடாது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 10 அலகு மின்னுக்குச் சமம். இயந்திரம் அதில் பெரும்பகுதியை வீணாக்கினாலும், 30 கிலோ ஈயப் பற்றறி தருவது அரை அலகுக்குச் சற்று மேல்தான்.

கணக்கு

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் புறப்பட்டவரின் உவமை எமக்குத் தெரியும். செலவை முன்கூட்டியே கணக்குப் பார்க்காதவர் நகைப்புக்கிடமானார். எமது ஊர்களில் அவர் கடனாளியுமாவார். நுண்கடன் எமது பெண்களை நெரித்ததை நாம் கண்டிருக்கிறோம்.

ஈயப் பற்றறி நாளும் பாதி இறங்கி ஏறினால் 400 அல்லது 500 தடவை தாங்கும். மாதத்தில் 20 நாள் தொழில் என்றால் ஆயுள் இரண்டு வருடம். லிதியம் 2000 தடவைக்கு மேல் தாங்கும்; அதே தொழிலில் எட்டு வருடம். ஆகவே ஈயப் பற்றறியின் விலையை 24 மாதத்தாலும் லிதியத்தின் விலையை 96 மாதத்தாலும் பிரித்துப் பாருங்கள். கையில் காசிருந்தால் எது மலிவு என்று அப்போது விளங்கும்.

மறுபக்கம், நாளொன்றுக்கு 2 லீற்றர் எண்ணெய் எரிப்பவர் மாதத்தில் 40 லீற்றர் எரிக்கிறார். 2022 ஆகஸ்ட் விலையில் அது 13,600 ரூபா. இன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். பற்றறியைச் சார்ஜ் செய்ய ஒரு அலகு மின்சாரமும் முடியாது. மின்சாரம் இல்லாத இடத்தில் 200 வாற் சூரியத் தகடு நல்ல வெயிலில் அந்த வேலையைச் செய்யும். அதே பற்றறியில் இரவு வீட்டு விளக்கையும் எரித்தால் விடியப்புறம் நடுக்குளத்தில் துடுப்புத்தான் துணை.

ஆனால் இன்று துடுப்பு வலிப்பவருக்கு எண்ணெய்ச் செலவே இல்லை. மோட்டார் அவருக்கு நேரத்தையும் உடம்பையும் மிச்சப்படுத்தும், காசை மிச்சப்படுத்தாது. கூடுதல் வலை கட்டினால் கூடுதல் மீன் படுமா? குளத்தில் உள்ள மீன் அளவானது. எல்லோரும் மோட்டார் பூட்டினாலும் குளம் அதிகமாக ஈனாது. சிறு குளத்தில் ஒரு கிலோமீற்றருக்குள் தொழில் செய்பவர் கடன்பட்டு மோட்டார் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எவருக்கு உகந்தது?

ஏற்கனவே எண்ணெய் இயந்திரம் பாவிப்போருக்கும், பெருங்குளங்களில் நெடுந்தூரம் செல்வோருக்கும், தோள்வலியால் துடுப்பைக் கைவிட்ட முதியோருக்கும், குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கும் இது உதவும். குடிக்கவும் குளிக்கவும் பாவிக்கும் குளத்து நீரில் எண்ணெய் படியாதது எல்லோருக்கும் நன்மை.

தனியே வாங்குவதைவிட மீனவர் சங்கத்தின் மூலம் ஒரு மோட்டாரும் இரண்டு பற்றறிகளும் வாங்கி, ஒரு பருவம் முறைவைத்துப் பாவித்துப் பாருங்கள். யார் எத்தனை மணித்தியாலம் ஓட்டினார், எவ்வளவு மீன் பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். குளத்தில் மோட்டார் பாவிக்க அனுமதி உண்டா என்பதைக் கடற்றொழில் பரிசோதகரிடமும் சங்கத்திடமும் முதலில் கேளுங்கள். விற்பவரிடம் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், உத்தரவாதம் எத்தனை மாதம், உவர்நீருக்கு ஏற்றதா என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். பற்றறிக்கும் மோட்டாருக்கும் இடையே பியூஸ் பூட்ட மறக்க வேண்டாம். பற்றறியைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். சல்வீனியாவும் வலைத்துண்டும் விசிறியில் சுற்றினால் வயரைக் கழற்றிய பின்னரே கை வையுங்கள். துடுப்பு எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும்.

எமது மக்களின் உரிமை அவர்களுடைய காணியில்தான் இருக்கிறது. எந்த மோட்டாரும் அதற்கு ஈடாகாது. அக்காணிக்குத் திரும்பும் நாளில் கடன் சுமையோடு எவரும் திரும்பக் கூடாது. இன்றே ஒரு பென்சிலையும் கடதாசியையும் எடுத்து, வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கணக்குப் பாருங்கள்.